தூண்டிற்கயிறும் மிதப்பும்

தூண்டில் தமிழருக்குப் புதியதொரு கருவி அன்று. சூதாட்டத்தில் கிடைக்கும் வெற்றியின் கேட்டை விளக்க வந்த திருவள்ளுவர், தூண்டில் முள்ளை இரையென்று எண்ணி விழுங்கிய மீனையே உவமையாகக் காட்டினார். அவ்வுவமையைக் கேட்டவுடன் விளங்கிக்கொள்ளும் அளவிற்குத் தூண்டில் அன்றே மக்கள் வாழ்வில் கலந்திருந்தது. இன்றும் கடற்கரை ஊர்களிலே தூண்டில் பிடிக்காத சிறுவன் அரியவன். எனினும், எல்லாரும் அறிந்த கருவியைப் பற்றியே பலரும் ஆராய்ந்து பார்ப்பதில்லை. முள்ளையும் இரையையும் குறித்துப் பேசுவார் பலர். முள்ளைத் தாங்கும் கயிற்றையும், கயிற்றைத் தாங்கும் மிதப்பையும் குறித்து எண்ணுவார் சிலரே.

திருகோணமலை மாவட்டத்தில், கொட்டியாரக் குடாவின் தென்புறத்தே, மூதூருக்கு அண்மையில் உள்ளது தோப்பூர். இவ்வூரைச் சூழ்ந்த பகுதி, தூண்டிற்கலையைக் கற்பதற்கு இயற்கையே அமைத்த பள்ளிக்கூடம் எனலாம். வயல்களுக்கு நீரூட்டும் அல்லைக் குளம் ஒருபுறம். கண்டல் மரங்கள் வேரூன்றி நிற்கும் களப்புகள் ஒருபுறம். மலைநாட்டில் தோன்றி 335 கிலோமீற்றர் ஓடிவந்து கடலோடு கலக்கும் மகாவலி கங்கையின் முகத்துவாரம் ஒருபுறம். அகன்று விரிந்த குடா மற்றொருபுறம். குளத்து நீர் நிற்கின்றது. ஆற்று நீர் ஓடுகின்றது. களப்பு நீர் மெல்ல அசைகின்றது. குடாவின் நீர் அலைகின்றது. இந்நால்வகை நீருக்கும் ஒரே கயிறும் ஒரே மிதப்பும் போதுமா என்பதே கேள்வி.

கடைக்குச் சென்று தங்கூசி வாங்குபவர் முதலில் கேட்பது, "இது எத்தனை கிலோ மீனைத் தாங்கும்?" என்பதாகும். அக்கேள்வி தவறன்று, ஆனால் அது இரண்டாவதாகக் கேட்கவேண்டிய கேள்வி. முதலில் கேட்க வேண்டியது, "இதை எந்த நீரில் இடப்போகிறேன்?" என்பதே. கயிறும் மிதப்பும் மீனுக்காக மட்டும் தெரிவு செய்யப்படுவன அல்ல. நீருக்காகவும் காற்றுக்காகவும் தெரிவு செய்யப்படுவன. இவ்வுண்மையை உணர்ந்தவரின் கையில் மெல்லிய கயிறு பெரிய மீனைக் கரைசேர்க்கும். உணராதவரின் கையில் தடித்த கயிறு வெறுங்கயிறாகவே திரும்பும்.

முதலில் மிதப்பை எடுத்துக்கொள்வோம். தக்கை என்று வழங்கினும் மிதப்பு என்று வழங்கினும் பொருள் ஒன்றே. அது மூன்று பணிகளைச் செய்கின்றது. இரையைக் குறித்த ஆழத்தில் நிறுத்துகின்றது. நீரோட்டத்தோடு இரையைச் சுமந்து செல்கின்றது. மீன் இரையைத் தொட்டதும் செய்தி சொல்கின்றது. இம்மூன்றனுள் மூன்றாவது பணியே மிகவும் நுட்பமானது. மீன் நம்மைப் போல ஒரே வாயாக இரையைக் கவ்விவிடுவதில்லை. பெரும்பாலும் மெல்ல உறிஞ்சிப் பார்க்கின்றது. வழக்கத்துக்கு மாறான எடையோ இழுப்போ தென்பட்டால் உடனே உமிழ்ந்துவிடுகின்றது. ஆதலின், மீன் மிதப்பை அமிழ்த்துவதற்கு எவ்வளவு வலிமை வேண்டும் என்பதை அறிந்துகொள்ளுதல் இன்றியமையாதது.

நீரில் இட்ட பொருள், தான் விலக்கும் நீரின் எடையளவுக்கு மேல்நோக்கித் தாங்கப்படுகின்றது என்பது ஆர்க்கிமிடீசு கண்ட விதி. இதனை மிதப்பிற்குப் பொருத்திப் பார்க்கலாம். நான்கு மில்லிமீற்றர் பருமனுள்ள மெல்லிய மயிலிறகுக் காம்பு ஒன்று, இரண்டு சென்றிமீற்றர் அளவு நீருக்கு வெளியே தலைகாட்டி நிற்கின்றது என்க. அதை முழுவதும் அமிழ்த்துவதற்கு வேண்டிய இழுப்பு ஏறத்தாழ கால் கிராம். அதே இரண்டு சென்றிமீற்றர் உயரம் வெளியே தெரியும் மிதப்பு, இருபது மில்லிமீற்றர் பருமனுள்ள உருளைத் தக்கையாக இருப்பின், அதை அமிழ்த்த ஆறு கிராமுக்கு மேற்பட்ட இழுப்பு வேண்டும். பருமன் ஐந்து மடங்கு கூடினால், மீன் உணரும் தடை இருபத்தைந்து மடங்கு கூடுகின்றது. மிதப்பு அசைந்தது, ஆனால் மீன் இல்லை என்று பலர் சலித்துக்கொள்வதன் காரணம் பல வேளைகளில் இதுவே.

ஆகவே மிதப்பிற்கு ஈயம் கட்டும்போது கஞ்சத்தனம் கூடாது. மிதப்பின் பெரும்பகுதி நீருள் அமிழ்ந்து, நுனி மட்டும் வெளியே தெரியும்வரை ஈயத்தைச் சிறிது சிறிதாகச் சேர்த்தல் வேண்டும். ஈயமில்லாத தக்கை நீர்மேல் குப்புறக் கிடக்கும். அது மிதக்கின்றதே ஒழியச் செய்தி சொல்வதில்லை. முறையாக எடையிட்ட மிதப்போ மீன் இரையைக் கீழ்நோக்கி இழுத்தால் அமிழும். கீழிருந்து மேலே தூக்கினால், ஈயத்தின் சுமை குறைந்து தானும் உயரும். இரண்டும் மீன் வந்ததற்கு அடையாளங்களே.

இவ்விடத்தில் முகத்துவாரத்து மீனவர் கவனிக்கத்தக்க நுட்பம் ஒன்று உண்டு. நன்னீரைக் காட்டிலும் கடல்நீர் அடர்த்தியானது. இருபது கன சென்றிமீற்றர் கனஅளவும் நான்கு கிராம் எடையும் உள்ள மிதப்பு, நன்னீரில் பதினாறு கிராம் சுமையைத் தாங்கும். கடல்நீரில் ஏறத்தாழ பதினாறரை கிராம் தாங்கும். அரைக் கிராம் அற்பம் என்று தோன்றலாம். ஆனால் மெல்லிய நுனியுள்ள மிதப்பிற்கு அரைக் கிராம் என்பது மூழ்குவதற்கும் நிமிர்ந்து நிற்பதற்கும் இடையேயுள்ள வேறுபாடாகும். வாடைக்காற்றுக் காலத்தில், கார்த்திகை மார்கழி மழையால் ஆறு பெருகி வரும்போது, நன்னீர் இலேசானதாகையால் மேலே பரவுகின்றது. உப்புநீர் அடியில் தங்குகின்றது. கோடைக்காலத்து உப்புநீரில் அளவாக நின்ற மிதப்பு, அப்போது காரணமின்றி அமிழ்வதுபோலத் தோன்றும். மீன் இழுக்கின்றது என்று எண்ணித் தூண்டிலைச் சுண்டிச் சுண்டி ஏமாறுவதைவிட, சிறு ஈயமொன்றைக் கழற்றிவிடுதல் அறிவுடைமை.

மெல்லிய மிதப்பே என்றும் சிறந்தது என்று கொள்ளுதலும் பிழை. காற்றில்லாத காலையில், குளத்திலோ களப்பிலோ, மெல்லிய காம்பு மிதப்பிற்கு நிகரில்லை. ஓடும் ஆற்றிலோ அது சுழியில் அகப்பட்டு அமிழ்ந்துவிடும். அங்கே மேற்பகுதி சற்றுப் பருத்துக் கீழ்ப்பகுதி ஒடுங்கிய மிதப்பே நிலைத்து நிற்கும். மேற்பகுதியின் பருமன் ஓட்டத்தை எதிர்த்து மிதப்பைத் தாங்குகின்றது. அடியின் ஒடுக்கம் அதனை நிமிர்த்தி வைக்கின்றது. அலைவீசும் குடாவிலே தொலைவிலிருந்து பார்த்தாலும் தெரியக்கூடிய பருத்த நுனி வேண்டும். சுருங்கக் கூறின், நிற்கும் நீருக்கு மெலிந்தது, ஓடும் நீருக்குத் தோள் பருத்தது, அலையும் நீருக்குத் தலை பருத்தது என்று நினைவிற் கொள்ளலாம்.

மிதப்பு செய்வதற்கான பொருள்களைத் தேடித் தொலைதூரம் செல்லவேண்டியதில்லை. குளங்களிலும் சதுப்பு நிலங்களிலும் வளரும் நெட்டியின் தண்டு, மரவகை எல்லாவற்றிலும் மிக இலேசான பொருள்களுள் ஒன்று. அதைக் கூரிய கத்தியால் சீவி வேண்டிய உருவத்திற் கொண்டுவருதல் எளிது. ஆனால் அது நீரை உறிஞ்சும். ஆகவே மெழுகோ வண்ணப்பூச்சோ பூசாமல் பயன்படுத்தலாகாது. மயில் தானே உதிர்த்த இறகின் காம்பு, உள்ளே வெண்மையான மென்பொருளும் வெளியே வழுவழுப்பான தோலும் உடையதாகையால் நீரை எளிதில் ஏற்பதில்லை. இங்கிலாந்திலும் மயிலிறகுக் காம்பையும் முள்ளம்பன்றி முள்ளையும் மிதப்புகளாக்கிப் பல தலைமுறைகளாகப் பயன்படுத்தி வந்துள்ளனர். தேய்ந்துபோன இறப்பர்ச் செருப்பை வெட்டிச் செய்த மிதப்பும் உழைக்கும். ரெஜிபோம் துண்டு இலேசானதுதான். ஆனால் அது நொறுங்கி நீரெங்கும் பரவி, மீனும் பறவையும் உணவென்று விழுங்கும் நிலையை உண்டாக்குகின்றது. நெட்டி கிடைக்கும் ஊரில் ரெஜிபோமை நாடவேண்டிய தேவை இல்லை.

மிதப்பின் நிறம் மீனுக்காக அன்று, பார்ப்பவரின் கண்ணுக்காகவே. வெளிச்சமான வானம் நீரிலே பிரதிபலிக்கும்போது கறுப்பு நுனி தெளிவாகத் தெரியும். கண்டல் மரங்களின் நிழல் படிந்த இருண்ட நீரிலே செம்மஞ்சளோ மஞ்சளோ தெரியும். நீருக்குள் இருக்கும் பகுதி மங்கலான நிறத்தில் இருப்பதே நன்று.

இரை எந்த ஆழத்தில் நிற்கவேண்டும் என்பதை ஊகத்தால் முடிவுசெய்யாமல் அளந்து அறிதல் வேண்டும். மிதப்பு தாங்கும் சுமையைவிடக் கனமான ஈயத்துண்டு ஒன்றைத் தூண்டில் முள்ளிற் கோத்து நீரில் இட்டால், ஈயம் அடியைத் தொடும். மிதப்பு நீருள் மறைந்தால், முள்ளுக்கும் மிதப்புக்கும் இடையேயுள்ள கயிறு குறைவு. மிதப்பு சரிந்து கிடந்தால் கயிறு மிகுதி. நுனிமட்டும் தெரிந்தால் ஆழம் சரியாக அளக்கப்பட்டது. கொட்டியாரக் குடாவின் வற்றுப்பெருக்கு வேறுபாடு ஒரு மீற்றருக்கும் குறைவானதே. எனினும், ஆழமற்ற களப்பு வாயில் ஒரு சாண் வேறுபாடும் இரையைச் சேற்றிற் புதைத்துவிடப் போதும். ஆதலால் நீர் ஏறும்போதும் வடியும்போதும் மீண்டும் அளத்தல் வேண்டும். ஆழம் மிகும் இடங்களில் மிதப்பைக் கயிற்றிலே இறுக்கிக் கட்டாமல், கயிற்றின் மீது வழுக்கி ஓடுமாறு கோத்து, வேண்டிய உயரத்தில் நூல்முடிச்சு ஒன்று இட்டு நிறுத்துவது வழக்கம். திருகோணமலைக் கடலில் கரைக்கு மிக அண்மையிலேயே ஆழ்கடற் பள்ளத்தாக்கு தொடங்குகின்றது. அத்தகைய ஆழத்தில் மிதப்பிற்கு வேலையில்லை. அங்கே ஈயம் கட்டிய கைக்கயிறே உரியது.

இனிக் கயிற்றைக் காண்போம். 1653ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஐசக்கு உவால்ற்றன் தூண்டிற்கலை பற்றிய தம் புகழ்பெற்ற நூலை வெளியிட்டபோது, அந்நாட்டார் குதிரைவால் மயிரைத் திரித்தே தூண்டிற்கயிறு செய்தனர். பின்னர்ப் பட்டு நூல் வந்தது. நம் கரைகளில் பருத்தி நூலைத் திரித்து, அது நீரிற் பழுதடையாதிருக்கும்பொருட்டுப் பனிச்சங்காயின் துவர்ச்சாறு ஊட்டினர். அந்நூற்கயிறு தடித்தது; நீரை உறிஞ்சிக் கனப்பது; உலர்த்தாவிடின் உக்கிவிடுவது. 1935ஆம் ஆண்டில் அமெரிக்காவில் தூப்பொன் நிறுவனத்தின் ஆய்வுகூடத்தில் உவாலசு கரோதர்சு என்னும் வேதியியலறிஞர் நைலோனை ஆக்கியதன் பின்னர் யாவும் மாறின. ஒற்றையிழை நைலோனே இலங்கையில் தங்கூசி என்று வழங்கப்படுகின்றது. மெல்லியது, வலியது, நீரிலே கண்ணுக்கு எளிதில் தெரியாதது, மலிவானது என்பன அதன் சிறப்புகள்.

தங்கூசியின் பருமன் மில்லிமீற்றரிற் குறிக்கப்படும். 0.20 மில்லிமீற்றர் இழையிலிருந்து 0.40 மில்லிமீற்றர் இழைக்குச் செல்லும்போது, பருமன் இரட்டிக்கின்றது. வலிமையோ ஏறத்தாழ நான்கு மடங்காகின்றது. இதைக் கேட்டதும் தடித்ததே இலாபம் என்று தோன்றும். ஆனால் நீரும் காற்றும் இழைமீது செலுத்தும் இழுப்பும் பருமனோடு கூடுகின்றது. தடித்த இழை சுருளிலிருந்து வெளிவந்த பின்னும் சுருண்டே கிடக்கும். இலேசான மிதப்பை எறியவிடாது. ஓட்டத்தில் வில்லாக வளைந்து மிதப்பைப் பக்கவாட்டில் இழுத்துச் செல்லும். அவ்வாறு இழுபடும் மிதப்பின் கீழுள்ள இரை, இயல்பாக நீரில் வரும் உணவுபோலத் தோன்றாது. ஓட்டத்துக்குக் குறுக்கே செல்லும் உணவைக் கண்டு மீன் ஐயுறுகின்றது. ஆகவே, தாங்கவேண்டிய வலிமைக்குக் குறையாத இழைகளுள் மிக மெல்லியதைத் தெரிவதே முறை.

இழை நீர்மேல் மிதக்கவேண்டுமா, அமிழவேண்டுமா என்பது அடுத்த கேள்வி. நைலோன் நீரைவிடச் சற்றே அடர்ந்தது. அதன் அடர்த்தி 1.14. ஆயினும் மெல்லிய இழை நீரின் மேற்பரப்பு இழுவிசையால் தாங்கப்பட்டு மேலேயே கிடப்பதுண்டு. ஓடும் ஆற்றில் இது நன்மை. இழை மேலே கிடந்தால், ஓட்டம் அதை வளைக்கும்போது கோலை உயர்த்தி இழையைத் தூக்கி நேராக்கலாம். அமிழ்ந்த இழையைத் தூக்க முயன்றால் மிதப்பும் கூடவே இழுபடும். ஆற்றிற்கு இழையின் மீது மிகச் சிறிதளவு வாசிலின் தடவுவது இதற்காகவே. களப்பிலும் குளத்திலும் இதற்கு மாறானது வேண்டும். கச்சான் காற்று தரையிலிருந்து வீசும் மாதங்களில், நீர்மேற் கிடக்கும் இழை காற்றுக்குப் பாய்போல் ஆகி மிதப்பை இழுத்துக்கொண்டு போய்விடும். அப்போது இழையைச் சவர்க்கார நீரில் நனைத்த துணியால் துடைத்து எண்ணெய்ப் பசையை நீக்கி, வேண்டிய இடத்துக்கு அப்பால் எறிந்து, கோலின் நுனியை நீருள் அமிழ்த்தி இழுத்தால் இழை கீழே தாழும். காற்று மேலே வீச, இழை கீழே அமைதியாகக் கிடக்கும். இன்று விற்பனைக்கு வரும் பொலியெத்திலீன் பின்னல் நூல், அடர்த்தி 0.97 ஆகையால் எந்நீரிலும் மிதக்கும். ஆற்றுக்கு அது ஏற்றது. காற்றுவீசும் களப்புக்கு ஏலாதது.

கயிற்றையும் மிதப்பையும் இணைத்து ஆளும் கலையில் பெயர்பெற்றது இங்கிலாந்தின் நொட்டிங்ஹாம் நகரம். அந்நகரத்தருகே ஓடும் திரென்று ஆற்றில், பத்தொன்பதாம் நூற்றாண்டிலே ஒருவகை மர றீல் வழக்கத்துக்கு வந்தது. பற்சக்கரம் எதுவும் இல்லாமல், நடுவேயுள்ள ஓர் அச்சைச் சுற்றி ஓர் உருளை தடையின்றிச் சுழல்வதே அதன் அமைப்பு. ஆகையால் அதனைச் சென்ரர்பின் என்றழைத்தனர். 1890களில் ரெடிச்சு நகரத்து ஓல்கொக் நிறுவனம் செய்த 'ஏரியல்' என்னும் றீல் இவ்வகையில் புகழ்பெற்றது. எளிமையான இவ்வமைப்பின் பயன் யாது? ஓடும் ஆற்றிலே மேற்பரப்பு நீர் விரைவாகவும் அடிநீர் மெதுவாகவும் செல்கின்றன. மிதப்பை அதன் போக்கில் விட்டால், அது முந்திச்சென்று இரையைப் பின்னே இழுத்துக்கொண்டு போகும். உருளையின் விளிம்பைப் பெருவிரலால் மெல்லத் தொட்டு அதன் சுழற்சியைத் தணித்தால், மிதப்பின் வேகம் அடிநீரின் வேகத்துக்கு இறங்கிவரும். இரை முன்னே செல்ல, மிதப்பு பின்னே செல்லும். மீன் முதலிற் காண்பது இரையைத்தான். ஈயத்தையும் இழையையும் அன்று.

சென்ரர்பின்னுக்கு ஏற்ற கயிறும் மிதப்பும் எவை என்பது இதிலிருந்தே பெறப்படும். உருளையைச் சுழற்றுவது எறிபவரின் கை அன்று, ஓட்டத்தோடு செல்லும் மிதப்பே. எனவே, மிதப்பு ஓட்டத்தைப் பற்றிக்கொள்ளத்தக்க பருமனும், குறைந்தது சில கிராம் ஈயத்தைச் சுமக்கும் ஆற்றலும் உடையதாக இருத்தல் வேண்டும். மிக இலேசான மிதப்பு உருளையைச் சுழற்றமாட்டாது. இழை மெல்லியதாகவும் மிருதுவாகவும் நீர்மேல் மிதப்பதாகவும் இருத்தல் வேண்டும். உருளையில் அளவுக்குமேற் சுற்றினால், மேலடுக்கு கீழடுக்குகளுக்கிடையே புதைந்து சிக்கும். ஆகவே நூறு மீற்றர் அளவில் ஒழுங்காகச் சுற்றிவைத்தல் போதும்.

விலையுயர்ந்த றீல் இல்லாதவர் இதைக் கேட்டு மனந்தளர வேண்டியதில்லை. போத்தலிலோ மரக்கட்டையிலோ தங்கூசியைச் சுற்றிக் கையால் ஆளும் நம்மவர் கருவியும் பற்சக்கரமில்லாததே. 1920ஆம் ஆண்டில் அவுத்திரேலியாவின் பிரிசுபேன் நகரில் தொடங்கிய அல்வி நிறுவனத்தின் கடற்கரை றீல், எறியும்போது உருளையைப் பக்கவாட்டில் திருப்பி, இழை அதன் விளிம்பின்மேல் வழுக்கி ஓடுமாறு அமைக்கப்பட்டது. போத்தலின் வாயை நீரை நோக்கிப் பிடித்து இழையை ஓடவிடும் சிறுவனும் அதே முறையைத்தான் கையாளுகின்றான். விரலிடையே இழையை வழுக்கவிட்டு, வேண்டும்போது மெல்ல அழுத்தி மிதப்பின் வேகத்தைத் தணித்தால், சென்ரர்பின் தரும் பயனிற் பெரும்பகுதி வெறுங்கையாலேயே கிடைத்துவிடும். பருத்த போத்தலிற் சுற்றிய இழை, மெல்லிய குச்சியிற் சுற்றியதைவிடக் குறைவாகவே சுருளும் என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது.

ஈயமணிகளைக் கட்டும் இடமும் நீருக்கேற்ப மாறும். விரைந்தோடும் நீரில் ஈயமணிகளை ஒன்றுசேர்த்து முள்ளுக்கு இரண்டு சாண் மேலே கட்டினால், இரை விரைவில் அடியை அடையும். மெல்ல அசையும் நீரில் அவற்றைச் சிறுமணிகளாக்கி இழை நெடுகப் பரப்பினால், இரை இயல்பாகத் தாழ்ந்து செல்லும். ஈயமணியைப் பல்லாற் கடித்து இறுக்கும் வழக்கம் சிறுவரிடையே உண்டு. ஈயம் நஞ்சு, அவ்வழக்கத்தைப் பெற்றோர் தடுத்தல் வேண்டும். தூண்டிற்காரர் விட்டுச்சென்ற ஈயமணிகளை விழுங்கி அன்னப்பறவைகள் இறந்தமையால், 1987ஆம் ஆண்டு முதல் பிரித்தானியாவில் பெரும்பாலான சிறு ஈயமணிகள் தடைசெய்யப்பட்டன என்பதும் கருதத்தக்கது.

இவை யாவற்றினும் முதன்மையான விதி ஒன்று உண்டு. எந்தக் கயிறும் என்றேனும் ஒருநாள் அறும். கண்டல் வேரிற் சிக்கலாம்; பாறையில் உரசலாம்; எதிர்பாராத பெருமீன் இழுக்கலாம். அறுவதைத் தடுக்க இயலாது. எங்கே அறவேண்டும் என்பதை முன்கூட்டியே முடிவுசெய்ய இயலும். முதன்மைக் கயிறு 0.25 மில்லிமீற்றர் எனின், முள்ளோடு இணையும் முன்னிழை 0.20 மில்லிமீற்றராக இரண்டு சாண் நீளத்தில் இருக்கட்டும். சிக்கினால் முன்னிழை மட்டும் அறும். மிதப்பும் ஈயமும் முதன்மைக் கயிறும் கைக்கு மீளும். மீனும், வாயிலொரு சிறு முள்ளோடு தப்பிச் செல்லுமே அன்றி, பத்து மீற்றர்க் கயிற்றையும் மிதப்பையும் இழுத்துக்கொண்டு வேர்களிற் சிக்கி மாளாது. கொடுவா போன்ற மீனுக்கு மட்டும் இதில் ஒரு மாற்றம் வேண்டும். அதன் செவுள்மூடி கத்திபோற் கூரியது; மெல்லிய முன்னிழையைக் கணத்தில் அறுத்துவிடும். அதற்கு முன்னிழையைத் தடித்ததாக்கி, முன்னிழையும் முதன்மைக் கயிறும் இணையும் முடிச்சையே அறுமிடமாக, மிதப்பிற்குக் கீழே அமைத்துக்கொள்ளல் வேண்டும். மாறாக, சிறுவாயும் மிகுந்த அச்சமும் உடைய மணலை மீனுக்கு முன்னிழை எவ்வளவு மெல்லியதோ அவ்வளவு நன்று.

முடிச்சு, கயிற்றின் வலிமையைக் குறைக்கும் இடமாகும். தங்கூசியை உலர்ந்தபடியே இறுக்கினால், உராய்வின் வெப்பம் இழையைப் பழுதாக்கும். முடிச்சை நீரால் நனைத்து, ஐந்து சுற்றுக்குக் குறையாமற் சுற்றி, மெல்ல இறுக்குதல் வேண்டும். வெயில் தங்கூசியின் பகைவன். கூரைமேலும் தோணியின் விளிம்பிலும் மாதக்கணக்காகக் கிடந்த இழை, பார்வைக்குப் புதிதுபோல் இருப்பினும் உள்ளே நலிந்திருக்கும். மீன்பிடித்து முடிந்ததும் நன்னீரில் அலசி, நிழலில் உலர்த்தி, இருளில் வைத்தல் நன்று. அடுத்த நாள் புறப்படுமுன் முன்பகுதியை விரல்நகத்தின் மீது இழுத்துப் பார்த்தால், உராய்ந்த இடம் சொரசொரப்பாக உணரப்படும். அப்பகுதியை வெட்டி நீக்கத் தயங்கலாகாது. முதலைகள் உலவும் ஆற்றோரங்களில் சிக்கிய முள்ளை விடுவிப்பதற்காக நீரில் இறங்காதிருக்கவும் இம்முன்னெச்சரிக்கைகள் உதவும். ஒரு முள்ளின் விலை ஓர் உயிரின் விலையன்று.

வெட்டிய துண்டுகளை என்செய்வது? பருத்தி நூல் சில மாதங்களில் உக்கி மண்ணாயிற்று. தங்கூசி அவ்வாறு உக்குவதில்லை. தலைமுறைகள் கடந்தும் நீரிற் கிடக்கும். வலியது, கண்ணுக்குத் தெரியாதது என்று எதனைச் சிறப்பாகக் கூறினோமோ, அதுவே கைவிடப்பட்ட பின்னர்க் கேடாகின்றது. நீர்க்காகத்தின் கால், ஆமையின் கழுத்து, கண்டல் வேரிடையே வளரும் மீன்குஞ்சு ஆகிய எல்லாவற்றையும் அது பிணிக்கும். இலங்கையில் தங்கூசி வலைகள் தடைசெய்யப்பட்டதற்கு இதுவும் ஒரு காரணம். தூண்டில், வலையைப் போலக் கண்டதையெல்லாம் வாரிக்கொள்வதில்லை. சிறிய மீனை உயிரோடு மீள விடலாம். வேண்டியதை மட்டும் எடுக்கலாம். அந்நற்பெயரை, கரையில் எறியப்பட்ட ஒரு பிடி இழை கெடுத்துவிடும். ஆதலால் அறுந்த இழையைச் சிறு துண்டுகளாக நறுக்கி வீட்டுக்குக் கொண்டுசென்று குப்பையோடு சேர்த்தல், முடிச்சிடக் கற்பதைப் போலவே தூண்டிற்கலையின் பகுதியாகக் கருதப்படல் வேண்டும்.

களப்புகளும் கண்டற்காடுகளும் கடலுக்குச் செல்லும் எத்தனையோ மீன்வகைகளின் தொட்டில்கள். தோப்பூர் போன்ற ஊர்களிலே ஒருவன் காலையிற் கொண்டுவரும் இரண்டு மீன்களே அன்றைய வீட்டுக் கறியாவதுண்டு. அத்தகையவனுக்குக் கயிறும் மிதப்பும் விளையாட்டுப் பொருள்களல்ல. அளவறிந்து எடையிட்ட மிதப்பு அவனுக்கு மீனைக் காட்டுகின்றது. நீரறிந்து தெரிந்த கயிறு அதனைக் கரைசேர்க்கின்றது. அறுமிடம் அறிந்து கட்டிய முன்னிழை, நாளைக்கும் களப்பில் மீன் இருக்க வழிவிடுகின்றது. எனவே கடையில் தங்கூசிச் சுருளைக் கையில் எடுப்பவர், அதன் மேல் எழுதியுள்ள கிலோக் கணக்கைப் படிக்குமுன், தாம் செல்லவிருக்கும் நீரை ஒருமுறை மனக்கண்ணாற் பார்ப்பாராக. எத்துணை மெல்லிய கயிறு போதும் என்பதை அந்நீரே அவருக்குச் சொல்லும்.